வாய் படாத இலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே நாலைந்து ஆடி மாதம் போய்விட்டது. ஒவ்வொரு ஆடியிலும் கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வந்து நோட்டை எடுப்பேன். ரெண்டு பக்கம் எழுதுவேன். பெண்டாட்டியைப் பெற்றவரைப் பற்றி எழுதுகிறோமே, அந்தப் பாவம் பிள்ளையைத் தொடுமோ என்று பயம் வரும். கிழித்துப் போட்டுவிடுவேன். ஒன்பதாவதோடு நின்றவன் நான். கார் ஓட்டிப் பிழைக்கிறவன். எனக்கு எதற்கு எழுத்து என்று தோன்றும். இந்த வருஷம் என் பெண்டாட்டியே சொன்னாள்: "எழுதிடுங்க. ஆளாளுக்கு வேற மாதிரி சொல்லிட்டு இருக்காங்க." அதனால் எழுதுகிறேன். அம்மன் சாட்சியாக எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

என் மாமனாரைப் பற்றித்தான். அவர் நல்ல நடிகர். மேடை ஏறியவர் இல்லை. அவருக்கு ஒரு வாழை இலை போதும். ஆறு வருஷம் என் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எங்கள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால், ஒரு பருக்கைகூட உள்ளே போகாமல் முழுச் சாப்பாடு சாப்பிட்டுக் காட்டினார்.

எங்களுடையது கேளம்பாக்கத்தை ஒட்டிய காலனி. என் பாட்டன், அப்பன் எல்லாம் அடுத்தவர் நிலத்தில் நட்டு, அடுத்தவர் களத்தில் அடித்தவர்கள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா கல்யாண மண்டபங்களில் இலை எடுக்கிற வேலைக்குப் போய்த்தான் என்னை ஆளாக்கினாள். மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் எந்த மண்டபத்தில் பந்தி என்றாலும் அம்மா இடுப்பில் கூடையோடு நிற்பாள். நான் சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்குகிற வண்டி ஓட்டினேன். அந்த வண்டியில் தினமும் வந்தவள்தான் என் பெண்டாட்டி. அவள் படித்தவள். அவள்தான் முதலில் கேட்டாள். அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

அவள் அப்பா தெற்கேயிருந்து வந்து, கடலோரத்து டவுன்ஷிப்பில் பெரிய வேலையில் இருந்தவர். நாங்கள் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்ட பிறகு மூன்று வருஷம் பெண்ணோடு பேச்சு இல்லை. எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து, ஒரு வயது நிறைகிற சமயம் போன் வந்தது. பேத்தியைப் பார்க்க வருகிறேன், மதியம் சாப்பிடுகிறேன் என்றார். என் பெண்டாட்டி போனைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள். வருகிறேன் என்றது பெரிதில்லை. சாப்பிடுகிறேன் என்றாரே, அதற்குத்தான் அந்த அழுகை. எங்கள் வீட்டுக்கு வருகிற மேல்தெருக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது எங்களுக்குப் பழகிப்போனது. "இப்பதான் சாப்ட்டு வந்தோம்" என்பார்கள். தண்ணீர் கொடுத்தால் ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்திருப்பார்கள். கடையில் வாங்கி மூடி திறக்காத கூல்டிரிங்க், தோல் உரிக்காத வாழைப்பழம், இவை மட்டும்தான் செல்லும். இவர் சாப்பிடுகிறேன் என்று தானாகச் சொன்னார்.

புதுக் குக்கர் வாங்கினோம். புதுக் கரண்டி, புது டம்ளர். அன்று வீட்டில் மீன் வாடையே வரக்கூடாது என்று முந்தின நாளே அடுப்படியைக் கழுவிவிட்டாள். முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், கூட்டு, ரசம், அப்பளம், பாயசம். மாமியார் வரவில்லை; முழங்கால் வலி என்றார்கள். அந்த அம்மாள் இன்றுவரை எங்கள் வாசல்படி மிதித்ததில்லை. வந்து நடிக்காத அளவுக்கு அந்த அம்மாள் யோக்கியம்.

மாமனார் இலை முன்னால் உட்கார்ந்தார். தண்ணீர் மட்டும் தன் பையிலிருந்த பாட்டிலில் எடுத்துக்கொண்டார். டாக்டர் சொன்ன தண்ணீராம். சோற்றைக் குழி பறித்து, சாம்பாரை வாங்கி, நன்றாகப் பிசைந்தார். "இன்னும் கொஞ்சம் கூட்டு வைம்மா" என்று கேட்டே வாங்கினார். டவுன்ஷிப் குரங்குகள் யாரோ ஒரு அதிகாரியின் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். கடைசியில் கையைத் தூக்கிக் காட்டி, "வயிறும் நெறஞ்சுது, மனசும் நெறஞ்சுது" என்றார். என் பெண்டாட்டி முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்.

அவர் கை கழுவப் போனதும் அம்மா இலையை எடுக்கக் குனிந்தாள். குனிந்தபடியே நின்றாள். என்னைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"இந்த எலைய கொஞ்சம் பாரு."

"இன்னாம்மா, எலைல இன்னா கீது?"

"முப்பது வருசமா எலை எடுத்தவடா நானு. துன்ன எலை எது, சும்மா பெசஞ்ச எலை எதுன்னு எனக்குத் தெரியாதா? கறிவேப்பில ஓரமா ஒதுக்கிக்கீதா பாரு. சாம்பார்ல போட்டது போட்ட மாரியே உள்ளயே கீது. துன்றவன் கறிவேப்பிலய ஒதுக்குவான். முருங்கக்காய கடிச்சித் துப்புவான். இதுல சக்கையே இல்ல. இந்த எலைல கை பட்டுக்கீது. வாயி படல."

நான் நம்பவில்லை. வயசானவர், பசி இருக்காது என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பசி இல்லாதவன் எதுக்குடா ரெண்டாவது வாட்டி கூட்டு கேட்டான்?" என்றாள். பிறகு இலையை மடித்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டாள். மருமகள் கண்ணில் படக்கூடாது என்று.

அடுத்த தடவை நான் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தேன். சாப்பிடுகிறவர் முகத்தைத்தான் நாம் பார்ப்போம். அதுதான் அவருக்கு வசதி. உருண்டை பிடிப்பார். உதடு வரைக்கும் கொண்டுபோவார். புறங்கை நம் பக்கம் இருக்கும். சரியாக அந்த நேரத்தில் யாரையாவது திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். கட்டைவிரல் சோற்றை உள்ளங்கையிலேயே அழுத்திக்கொள்ளும். கை இறங்கும்போது தாடை மெல்லும். தொண்டை ஏறி இறங்கும். இலையில் அந்த உருண்டை மறுபடி பரவி, அப்பளத் துண்டுக்கு அடியில் போய்ச் சேரும். பாயசத்தைக்கூட விரலால் வழித்து, சப்புக்கொட்டுகிற சத்தம் மட்டும் செய்தார். சர்க்கஸ்காரனுக்கும் இந்தச் சுத்தம் வராது.

என்ன செய்வேன்? பெண்டாட்டியிடம் சொன்னால் அவள் உடைந்துபோவாள். அப்பா நம்ம வீட்டில் சாப்பிட்டார் என்ற ஒரு வார்த்தையைத்தான் அவள் தாலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கம், ஆபீஸ், தெற்கே உள்ள சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவள் சொந்தங்கள் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள்.

அதனால் நானே இலை எடுத்தேன். அவர் எழுந்த கையோடு நான் குனிந்து, மடித்து, கொல்லைக்குக் கொண்டுபோய்த் தெரு மாட்டுக்கு வைத்துவிடுவேன். வருஷத்துக்கு மூன்று தடவை, நான்கு தடவை. பொங்கல், தீபாவளி, குழந்தை பிறந்தநாள். ஒரு தடவை அவரோடு வந்திருந்த அவர் தம்பி, அதாவது சின்ன மாமனார், என் முதுகைத் தட்டினார். "மாமனார் எச்சில் எலைய மருமகன் எடுக்கறத இப்பதான் பாக்கறேன். பையன் நல்ல பையன்தான் அண்ணே." அதில் எச்சில் இல்லை என்பது அந்தக் கூடத்தில் மூன்று பேருக்குத் தெரியும். எனக்கு, என் அம்மாவுக்கு, அந்த நடிகருக்கு. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும் என்று அன்று புரிந்தது. தெரிந்தும் ஆடினார். என் அம்மா மண்டபம் மண்டபமாக எடுத்த இலையில் தின்றவர்களாவது தின்றுவிட்டுத்தான் எழுந்தார்கள்.

சோறு எங்களுக்குத் தெய்வம். கீழே சிந்திய பருக்கையைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாயில் போடுவாள் அம்மா. அந்தச் சோற்றை வைத்துக்கொண்டு ஒருவர் பொம்மலாட்டம் காட்டுகிறார், நான் திரை இழுத்து மூடுகிறேன். இப்படி ஐந்து வருஷம்.

ஐந்தாவது வருஷத்துத் தீபாவளி. எங்கள் வீட்டில் ஆடிவிட்டு அவர் கிளம்பினார். சிறிது நேரத்தில் எனக்கு ஒரு சவாரி வந்தது. ஒரு குடும்பத்தை மாமல்லபுரத்தில் இறக்கிவிட்டேன். டீ குடிக்கலாம் என்று ரோட்டோர ஹோட்டல் ஒன்றில் வண்டியை ஓரம் கட்டினால், அவருடைய கார் நிற்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பூரி. தட்டின் மேல் கவிழ்ந்து, இரண்டு கன்னமும் உப்ப, கிழங்கை வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தார். சப்ளையர் இன்னொரு செட் கொண்டுவந்து வைத்தான். மாமனார் சாப்பிடுவதை என் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன். அந்தக் கையில் நடிப்பு எதுவும் இல்லை. புறங்கை எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

பசியோடு உட்கார்ந்து எங்கள் சோற்றைப் பிசைந்திருக்கிறார். அவ்வளவு பசியிலும் வாயில் வைக்கவில்லை. அந்த வைராக்கியம் என்னைச் சுட்டது.

என் டீ ஆறிப்போனது. உள்ளே போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. அடுத்த ஆடியில், கூழ் ஊற்றி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கெங்கையம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றினேன். சாமியிடம் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "தாயே, எந்த வித்தையை என் வீட்டில் காட்டினானோ அதே வித்தையை அவன் இலைக்கு எதிரில் நான் காட்டணும். அவன் பார்க்கணும். அதுவரைக்கும் என் கோபம் ஆறக்கூடாது." கற்பூரம் நின்று எரிந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அவருக்கு அறுபதாம் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. மாமல்லபுரம் போகிற ரோட்டில் ஒரு பெரிய மண்டபம்.

ஒன்றரை மாதம் பயிற்சி செய்தேன். பெண்டாட்டி ஆபீசுக்கும் குழந்தை பள்ளிக்கும் போன பிறகு, பீரோ கண்ணாடி எதிரில் தட்டோடு உட்காருவேன். லேசு என்று நினைத்தேன். லேசு இல்லை. சோறு உதட்டருகில் வந்ததும் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அதைத் தடுக்கவே ஒரு வாரம் ஆனது. பிசைந்த சோற்றைப் பிறகு அங்கேயே உட்கார்ந்து தின்றுவிடுவேன். ஒரு நாள் அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள்.

"இன்னாடா, கண்ணாடிக்கு சோறு ஊட்டிகினு கீற?"

சொன்னேன். அம்மா என் தாடையை உற்றுப் பார்த்தாள். பிறகு, "மெல்லும்போது காதாண்ட நரம்பு ஆடணும். உனக்கு ஆடல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விசேஷ நாள். அம்மாவுக்குப் பத்திரிகையில் பெயர் இல்லை, அவள் வரவில்லை. தாலி கட்டி முடிந்து பந்தி. மாமனாரும் மாமியாரும் மாலையோடு நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். அவருக்கு நேர் எதிர் இலையைப் பிடித்தேன். பக்கத்தில் அவர் தம்பி. பந்தியில் பெரியவர் எழுகிறவரை மற்றவர் எழக்கூடாது. எல்லோரும் முடிக்காமல் பெரியவரும் எழக்கூடாது. அது எனக்குத் தோதாக இருந்தது.

சோறு வந்தது. குழி பறித்தேன். சாம்பார் வாங்கினேன். பிசைந்து, உருட்டி, உதட்டுக்குக் கொண்டுபோய், அதே நேரத்தில் பக்கத்தில் திரும்பி, "மண்டபம் நல்லா கீது மாமா" என்றேன். கை இறங்கியது. தாடை மென்றது. காதோர நரம்பும் ஆடியது என்றே நினைக்கிறேன்.

முதல் நாலு வாய்க்கு மாமனார் கவனிக்கவில்லை. ஐந்தாவது வாயில் அவர் பார்வை என் கையில் விழுந்தது. ஆறாவதில் அவர் கை நின்றது. வித்தைக்காரனுக்கு வித்தை தெரியாதா?

"இன்னும் கொஞ்சம் கூட்டு வைங்க" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன். நான் கொண்டுபோன பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். அப்பளத்தை எட்டாக உடைத்து எட்டையும் இலையிலேயே வைத்தேன். அவர் உருண்டை பிடித்தால் நானும் பிடித்தேன். அவர் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன். அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றிச் சந்தனம் வியர்வையில் இறங்கியது.

"மாப்ள, சாப்பிடுங்க" என்றார்.

"சாப்ட்டுகினுதானே கீறேன் மாமா."

தம்பிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, வச்சது வச்சபடி இருக்கு. டயட்டா?"

"அய்யோ, வவுறு முட்ட சாப்ட்டேன் மாமா. நீங்கதான் சரியா பாக்கல" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கையைத் தூக்கி, "வயிறும் நெறஞ்சுது, மனசும் நெறஞ்சுது" என்றேன். அவர் சொல்கிற அதே இழுப்பில்.

மாமனார் தலையைக் குனிந்தார். அவருக்கு எதிரே ஜாங்கிரி பாதி கடித்தபடி கிடந்தது. மனசு நிறைந்தது என்று நான் சொன்னது பொய் இல்லை. ஆறு வருஷக் கோபம் அந்த நிமிஷம் இளநீர் மாதிரி உள்ளே இறங்கியது.

அப்போதுதான் என் பெண்டாட்டி, வீட்டுப் பெண் என்ற முறையில் எல்லோரையும் வரிசையாக விசாரித்துக்கொண்டு, என் பின்னால் வந்து நின்றாள். இதை மட்டும் நான் யோசிக்கவில்லை. கையால் இலையை மறைக்கப் பார்த்தேன். அவள் பார்த்துவிட்டாள். என் இலையைப் பார்த்தாள். எதிரே அவள் அப்பாவைப் பார்த்தாள். நான் ஆறு வருஷம் செய்ததைப் போலவே குனிந்து, என் இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பின்சீட்டில் குழந்தை தூங்கிவிட்டது. திருப்போரூர் தாண்டியதும், "எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"மொத நாளே. எங்கம்மா சொல்லிச்சு."

"எனக்கும் மொத நாளே தெரியும்."

நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

"எனக்கு ஏழு வயசு இருக்கும்" என்றாள். "அப்பா ஆபீஸ்ல பெருக்கறவரு புது வீடு கட்டி எங்களக் கூப்ட்டாரு. போற வழியிலயே அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தாரு. பிசை, தூக்கு, மெல்ற மாதிரி பண்ணு, வீட்டுக்கு வந்து சாப்ட்டுக்கலாம்னு. நானும் பண்ணேன். பாப்பா எவ்ளோ சமத்தா சாப்புடுதுன்னு அந்த வீட்டம்மா என் கன்னத்தக் கிள்ளிச்சு. எங்கப்பா கை எனக்குத் தெரியாதா? நம்ம வீட்ல நான் அந்த எலையப் பாக்கவே மாட்டேன். பாத்தா கேக்கணும். கேட்டா அவர் வரமாட்டார். நீங்க சட்டுனு எலைய எடுத்துட்டுப் போறது எனக்கு வசதியா இருந்துச்சு."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "இன்னைக்கு நல்லாப் பண்ணீங்க. ஆனா கட்டைவிரல் தெரிஞ்சுது" என்றாள்.

அடுத்த பொங்கலுக்கு மாமனார் வந்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்தோம்; வராவிட்டால் ஊர் கேட்குமே, அதற்காக வந்திருப்பார். கூடத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். உள்ளே பொங்கல், வடை, சாம்பார் எல்லாம் தயார். என் பெண்டாட்டி ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று. தோல் உரிக்காத வாழைப்பழம் இரண்டு.

"எலை போடலியாம்மா?" என்றார்.

"வேணாம்பா. உங்களுக்குக் கை வலிக்கும்" என்றாள்.

என் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவர் எதிரில் உட்கார்ந்து பொங்கலை வாய் நிறைய அடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு பாட்டிலை எடுத்தார். மூடி திருகிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. இந்தத் தடவை நிஜமாக. பழத்தைத் தொடவில்லை. எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் எப்போது வந்தாலும் அந்தத் தட்டுதான். இன்றைக்கும் அதுதான்.

மண்டபத்தில் ஒரு இலைச் சோற்றை நான் வீணாக்கினேன். அதற்காக அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த ஆடியில் ஒரு அண்டா கூழ் அதிகமாக ஊற்றினேன். சோற்றுக்காக மட்டும்தான் கேட்டேன். மற்றதற்குக் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

இப்போது சொந்தக்காரர்கள் இந்தக் கதையைப் பல மாதிரி சொல்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை, அதனால் சாப்பிடவில்லை என்கிறார்கள். அந்தப் பொங்கலன்று பேத்தி ஒரு வாய் ஊட்ட, கண்ணீரோடு வாங்கிக்கொண்டார் என்று ஒரு சித்தப்பா சொல்லிக்கொண்டு திரிகிறாராம். நான் அவர் காலில் விழுந்தேன் என்றுகூட ஒருவர் சொல்கிறார். படிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் அந்த ஒரு வாயை நடுவில் சேர்த்துவிடாதீர்கள். அவர் வாங்கவில்லை, நாங்களும் ஊட்டவில்லை. பாட்டில் மூடியைத் திறந்தார், தண்ணீரைக் குடித்தார், போனார். அப்படியே சொல்லுங்கள்.